பிசைகளிமண் (ஜெர்மனி)

பிசைகளிமண் என்பது சிறுவர் கையால் பிசைந்து உருவங்கள் செய்வதற்கென ஆக்கப்படும் மென்மையான பொருள்களின் பொதுப்பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘க்ளே’ என வழங்கும் இப்பொருளை ஜெர்மானியர் பேச்சில் ‘க்னேட்டெ’ என்றும், கடைச்சரக்காக ‘க்னேட்மாஸெ’ என்றும், ரப்பரால் ஆகாததாயினும் ‘க்னேட்கும்மி’ (பிசைரப்பர்) என்றும், எண்ணெய் சேர்ந்த வகையைப் ‘பிளாஸ்டிலின்’ என்றும் அழைப்பர். வகைகள் பலவாயினும், அவற்றைக் குலைத்து மீண்டும் பிசையத்தக்கவை, இறுகி நிலைத்துவிடுபவை என இரண்டாகப் பகுக்கலாம்.

தொடக்கம்: 1837-இல் பாட் பிளாங்கன்பர்க்கில் விளையாட்டுக் கருவிகளை உருவாக்கத் தொடங்கி, 1840-இல் தம் நிறுவனத்துக்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்ட பிரீட்ரிக் ஃபுரோபெலின் கல்விமுறையில், குழந்தைகளுக்குரிய கைவேலைகளுள் ஒன்றாகக் களிமண் வேலையும் இடம்பெற்றது. அக்காலத்தில் பயன்பட்டது இயற்கைக் களிமண்ணே.

பிளாஸ்டிலின்: இயற்கைக் களிமண்ணுக்கு நெகிழ்ச்சி தருவது அதிலுள்ள நீர், நீர் ஆவியானதும் மண் சுருங்கி வெடிக்கும். ஆகவே சிற்பிகள் முடிவுறாத உருவங்களை ஈரத்துணியால் போர்த்திக் காக்க வேண்டியிருந்தது. ஓவியக் கழகத்தாலும் சிற்பக் கூடங்களாலும் பெயர்பெற்றிருந்த மியூனிக் நகரில், மருந்துக்கடை உரிமையாளராகக் குறிக்கப்படும் ஃபிரான்ஸ் கோல்ப் என்பவர், சிற்பிகளின் இக்குறையைத் தீர்க்கும் நோக்கில், 1880-ஆம் ஆண்டையொட்டி, உலராத செயற்கைக் களிமண் ஒன்றைச் செய்தார். இவ்வகையில் நீருக்கு மாற்றாக ஆவியாகாத எண்ணெயும் மெழுகும் சேர்வதால், பல மாதங்கள் கழிந்த பின்னும் கையின் சூட்டில் அது மீண்டும் இளகும். கலைஞருக்காகப் பிறந்த இப்பொருள் நாளடைவில் வண்ணக் கட்டிகளாகக் குழந்தைகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் கலை ஆசிரியராயிருந்த வில்லியம் ஹார்பட் 1897-இல் ‘பிளாஸ்டிசின்’ என்னும் ஒத்த பொருளை உருவாக்கினார். முதல்வர் யார் என்பதில் ஆங்கில நூல்கள் ஹார்பட்டையும் ஜெர்மன் நூல்கள் கோல்பையும் சுட்டுவது வழக்கம். ஆண்டு வரிசையில் கோல்பே முந்தியவராகத் தோன்றுகிறார்.

தேன்மெழுகு: 1922-இல் வட ஜெர்மனியின் கால்டன்கிர்ஷனில் ஹான்ஸ் ஸ்டாக்மார் தொடங்கிய நிறுவனத்தின் பிசைமெழுகு, ருடால்ஃப் ஸ்டைனரின் கல்விக்கொள்கையைத் தழுவிய வால்டார்ஃப் பள்ளிகளில் பெரிதும் பயன்படுகிறது. மெல்லிய வண்ணத் தகடாக வரும் இது எடுத்தவுடன் வளையாது. குழந்தை அதை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திப் பொறுமையாகச் சூடேற்றிய பின்னரே, தேன்மணம் கமழ, விரலுக்கு இசையும். ஆறியதும் உருவம் இறுகும். சூடுபட்டால் மீண்டும் இளகும்.

ஃபீமோ: துணிப் பொம்மைகளால் புகழ்பெற்ற கேத்தெ குரூஸெயிடம், பொம்மைத் தலை செய்வதற்கென இரண்டாம் உலகப்போரையொட்டிய ஆண்டுகளில் ஒரு பிளாஸ்டிக் கலவை வந்தது. அது பொம்மைப் பட்டறைக்கு உதவாது போக, ‘ஃபிஃபி’ என்று வீட்டார் அழைத்த அவர் மகள் சோஃபி ரேபிண்டர்-குரூஸெ அதை எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் ஆய்ந்து வண்ணமூட்டிப் பண்படுத்தினார். 1964-இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அவரிடமிருந்து உரிமையைப் பெற்று, 1966-இல் ‘ஃபீமோ’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பெயரின் முற்பாதி ‘ஃபிஃபி’யிலிருந்து வந்தது என்பர், பிற்பாதி உருவாக்கத்தைக் குறிக்கும் சொல்லா, ‘மொசைக்’ என்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பி.வி.சி.யை அடிப்படையாகக் கொண்ட இது வீட்டு ஓவனில் சுமார் 110 பாகை செல்சியசில் அரைமணி நேரம் சுட்டால் நிலையாக இறுகும். இன்று இது ஸ்டெட்லர் நிறுவனத்தின் சரக்கு.

மாவு வகைகள்: இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு நீர் எனச் சப்பாத்தி மாவைப்போல் பிசைந்து, உலர்த்தியோ சுட்டோ எடுக்கும் உப்புமாவை ‘ஸால்ட்ஸ்டைக்’ என்பர், கிறிஸ்துமஸ் அணிகள் செய்ய ஜெர்மன் வீடுகளில் இது பயன்படுகிறது. சுவர்த்தாளின் கரியைத் துடைக்கும் பசையாக அமெரிக்காவில் தோன்றி, 1956 முதல் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்ட ‘பிளே-டோ’வும் கோதுமை மாவினதே.

அண்மைக்காலம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு நெறி, ஈயம், காட்மியம், போரான் முதலியவை இத்தகைய பொருள்களிலிருந்து கசியும் அளவுக்கு வரம்பு விதித்தது. புதிய வகைகள் பல வந்தபோதிலும், பிழையை அழுத்திக் குலைத்து மறுபடி செய்ய இடம்தரும் உலராத வகையே சிறு குழந்தைகளுக்கு மிகப் பொருத்தமானது.