பல்குன்றக் கோட்டம்

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய இது, ஜவ்வாது மலையின் அடிவாரத்தே, இன்றைய செங்கம், போளூர் வட்டாரங்களைத் தழுவிப் பரந்திருந்த புராதனப் பிரதேசமாகும். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் முன்னே மேற்கு நோக்கிச் செல்லும் செங்கம் சாலையில் அன்றாடம் நடப்போர் பலரும், அச்சாலை போய்ச் சேரும் கணவாய் நாட்டுக்கு, அருணாசல ஸ்தலத்தின் பிரசித்திக்குப் புறம்பாகவும் ஒரு சரித்திரம் உண்டென நினைப்பதில்லை.

செங்கண்மாவில் (இன்றைய செங்கம்) இருந்து இந்நாட்டை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டுவதாகப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், சேயாற்றையும் நவிர மலையையும் வழியின் இடர்களையும் 583 அடிகளில் விவரிக்கும் நுட்பத்தால், இந்நாட்டின் முதற் பூகோள நூலென்றே மதிக்கத்தக்கது. நவிரமே இன்றைய பர்வதமலை என்பர்.

எனினும், குடிகளின் வாழ்வை நெருங்கிக் காட்டுவன செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிடைத்த நடுகற்களே. பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைத் தலைப்பிலிட்டு வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற இவற்றிற் பல, ஆநிரை கவரவோ மீட்கவோ போய் மாண்ட, காவியங்கள் அறியாத சாமானிய வீரரின் நினைவுகளாகும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், எருமைகளுக்காக உயிர்விட்ட கருந்தேவக்கத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பேர் சொல்லிச் சிறப்பிக்கிறது. மன்னர் பலருக்கும் இத்துணைச் சுருக்கமான நல்ல சாசனம் வாய்த்ததில்லை.

சோழர் காலத்தில், போளூரை அடுத்த திருமலைச் சமணத் தலத்துப் பாறையில் முதலாம் ராஜேந்திரனின் கங்கை வரையிலான திக்விஜயம் பொறிக்கப்பட்டது. பின்னர் சம்புவராயர் படைவீட்டிலிருந்து ஆண்டனர். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமாகிய பாராமகாலிலிருந்து இறங்குவோர்க்குச் செங்கம் கணவாய் ஒரு வாயிலானமையால் படைகளும் இவ்வழியே வந்தன. 1767 செப்டம்பரில் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த சேனையோடு ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித் முதலில் செங்கத்திலும், பிறகு திருவண்ணாமலையிலும் பொருதான்.

கோட்டம் என்னும் பிரிவு காலப்போக்கில் வழக்கொழிந்து, கும்பினி ஆட்சியில் இந்நாடு ஆர்க்காட்டு ஜில்லாக்களின் எல்லைகளுக்குள் கரைந்தது. 1989இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் எனப் பெயரிட்டனர். மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர் பெயர்களை நீக்கியபோது, 1997இல் அதுவும் வெறும் திருவண்ணாமலையாயிற்று.