மூத்த பாறை மேலேறிய வரலாறு

கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்பது நிலவியலின் பாலபாடம். இப்பாடத்தைச் சோதனைக்குள்ளாக்கியவை ஸ்காத்லாந்தின் வடமேற்கு மலைகள். ஆங்கே சுண்ணாம்புப் பாறைக்கு மேலே, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை கிடக்கிறது. மேலிருப்பதால் அதுவே இளையது என்றார் பிரித்தானிய நிலவியல் அளவைத் துறைத் தலைவர் சர் ரோடரிக் மர்ச்சிசன். அன்று, மூத்த பாறையே நிலப்பிளவின் வழியே மேலேறியது என மறுத்தார் அபர்தீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல். பதவியாளர் வாக்கே வென்றது. 1879இல் நிக்கல் மறைந்தபோதும் நிலைமை மாறவில்லை.

பின்னர் அங்கே சென்றவர் சார்லஸ் லாப்வொர்த், நெடுநாள் பள்ளியாசிரியர். (அவர் கற்பித்த பள்ளிகளுள் ஒன்று செயின்ட் ஆண்ட்ரூசிலுள்ள மதராஸ் கல்லூரி. சென்னையில் தாம் கையாண்ட சட்டாம்பிள்ளை முறையை மேனாட்டில் பரப்பிய ஆண்ட்ரூ பெல்லின் கொடையால் எழுந்தது அது.) 1882, 1883ஆம் ஆண்டுகளில் எரிபோல் பகுதியை அவர் அடியடியாக ஆராய்ந்து வரைபடமாக்கினார். பக்கவாட்டு நெருக்கத்தால் பாறைகள் மடிந்து முறிந்து, மூத்தவை இளையவற்றின்மேல் தள்ளப்பட்டிருந்தன. நகர்ச்சியில் அரைபட்டு இறுகிய பாறைக்கு 1885இல் மைலோனைட் எனப் பெயரிட்டவரும் அவரே. உழைப்பு அவரை நோயில் வீழ்த்தியது. நகரும் மலை தம்மை அரைப்பதாக இரவில் அஞ்சினார் என்பர்.

மர்ச்சிசனின் மாணாக்கரான கெய்கி அப்போது துறைத் தலைவர். அவர் அனுப்பிய பீச்சும் ஹார்னும் லாப்வொர்த் கண்டதையே கண்டனர். பாறைகள் பத்து மைலேனும் நகர்ந்திருந்தன. 1884இல் கெய்கி தம் ஆசானின் கொள்கையை வெளிப்படையாகக் கைவிட்டார்.