பாய்மரத்தின் கித்தான் உறை: 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கடற்படையில் நீர்க்கசிவும் உடல்நலமும்

ஆய்வுச்சுருக்கம்

பாய்மரம் கப்பலின் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் நீர் புகுவதற்கு இயல்பாகவே வாய்ப்புள்ள இடமாகும். 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கடற்படை அவ்விடத்தை ஆப்புகளாலும் கீல் பூசிய கித்தான் உறையாலும் காத்துக்கொண்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது. மரத்தின் ஆயுள், மாலுமிகளின் உடல்நலம் குறித்த அக்கால மருத்துவக் கருத்து ஆகிய இரண்டோடும் இவ்வுறைக்கு இருந்த தொடர்பை எடுத்துரைப்பது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பாய்மரம், கித்தான் உறை, கீல், கலப்பற்று, ஸ்கர்வி, மரஅழுகல்.

முன்னுரை

கடற்படை வரலாறு பெரும்பாலும் போர்கள், தளபதிகள், பீரங்கிகள் ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. கப்பல் கட்டும் தொழில்நுட்பத்தை ஆராய்வோரும் உடலமைப்பு, பாயமைப்பு ஆகியவற்றுக்கே முதலிடம் தருகின்றனர். இவ்விரண்டும் சந்திக்கும் சிறு வளையம் அவர்களது கவனத்தைப் பெறுவது அரிது. ஆயினும் அவ்வளையத்தில் ஏற்படும் குறை, கீழ்த்தளத்தில் வாழும் நூற்றுக்கணக்கானோரின் வாழ்விடத்தை நனைக்கக்கூடியது. அக்குறையை அக்காலத்தோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இணைப்பின் அமைப்பு

பெரிய போர்க்கப்பலின் முதன்மைப் பாய்மரம் மேல்தளத்தில் நிற்பதன்று. அது பல தளங்களைக் கடந்து இறங்கி, ஏரா எனப்படும் அடிமரத்தின் மேலமைந்த பள்ளத்தில் தன் அடியை ஊன்றி நிற்கும். அது கடக்கும் ஒவ்வொரு தளத்திலும் துளையைச் சுற்றி வலுவான மரச்சட்டங்கள் பொருத்தப்பட்டன. துளை பாய்மரத்தின் பருமனைவிடச் சற்று அகலமாக வெட்டப்பட்டது. எஞ்சிய இடைவெளியில் ஆப்புகள் அடித்து மரம் இறுக்கப்பட்டது.

இந்த ஆப்புகளின் பணி விசையைத் தாங்குவதேயாகும், நீரைத் தடுப்பதன்று. காற்றின் அழுத்தம் மாறும்போதெல்லாம் பாய்மரம் நுண்ணளவில் வளைகிறது. கப்பலின் உடலும் அலையோடு சேர்ந்து நெளிகிறது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து ஓயாமல் அசைகின்றன. அவ்விடைவெளியைக் கெட்டியான பொருளால் அடைத்தால் அது விரைவில் விரிசல் காணும். நீரைத் தடுக்கும் பொருள் அசைவுக்கு ஈடுகொடுத்து நெகிழ வேண்டும். தாங்கும் பணியை ஆப்புக்கும் தடுக்கும் பணியை வேறொரு பொருளுக்கும் பிரித்தளித்ததே அக்காலக் கைவினைஞர் கண்ட தீர்வாகும்.

கித்தான் உறை

அந்த வேறொரு பொருளே கித்தான் உறை. 1769இல் வெளியான வில்லியம் ஃபால்கனரின் கடல்துறை அகராதி, பாய்மரத்தைச் சுற்றித் தளத்தருகே ஆணியடித்துப் பொருத்தப்படும் கீல் பூசிய கித்தான் என இதனை விளக்குகிறது. உறையின் மேல்விளிம்பு பாய்மரத்தோடும் கீழ்விளிம்பு தளத்தின் மேல் எழும்பிய வளையத்தோடும் இணைக்கப்பட்டது. இடைப்பட்ட துணி சற்றுத் தளர்வாக விடப்பட்டதால் மரம் அசையும்போது கிழியாமல் நெகிழ்ந்தது. சுக்கான் தண்டு நுழையும் துளைக்கும் இத்தகைய உறை உண்டு.

உறையின் எளிமை அதன் பின்னிருந்த உழைப்பை மறைத்துவிடுகிறது. கீல் பெரும்பாலும் சுவீடன், ஃபின்லாந்து ஊசியிலைக் காடுகளின் பைன் மரத்தை மூடிய சூளைகளில் மெல்ல எரித்து வடிக்கப்பட்டது. இச்சார்பைக் குறைக்கவே, அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் கீலுக்கு ஊக்கத்தொகை அளிக்கும் சட்டம் 1705 முதல் நடைமுறைக்கு வந்தது. உறையைச் சூழ்ந்த தளப்பலகைகளின் இணைப்புகளும் கலப்பற்றுச் செய்யப்பட்டன. பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரை இடுக்குகளில் திணித்து, மேலே உருக்கிய குங்கிலியக் கீலை வார்ப்பதே இம்முறை. அந்நாரைப் பிரிக்கும் வேலை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக்கைதிகளுக்கும் ஏழையர் விடுதிவாசிகளுக்கும் விதிக்கப்பட்டது. கடலையே கண்டிராத கைகளின் உழைப்பும் கப்பலின் வறட்சியைக் காத்தது எனலாம்.

மரத்திற்கு நேரும் கேடு

உறை பழுதானால் நீர் பாய்மரத்தின் வழியே தளந்தோறும் கசிந்து இறுதியில் அடிப்பள்ளத்தில் தேங்கும். காற்றோட்டம் மிகக் குறைந்த அவ்விடத்தில் ஈரம் எளிதில் உலர்வதில்லை. இதில் மழைநீரே மிகுந்த தீங்கு செய்வது. உப்பு மரத்தைத் தின்னும் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். நன்னீர் அதனை வளர்க்கும். ஆகவே புயற்கடலில் செல்லும் கப்பலைவிடத் துறைமுகத்தில் மழையில் நனைந்து நிற்கும் கப்பலே விரைவில் அழுகக்கூடியது.

மரஅழுகல் பிரித்தானியக் கடற்படைக்கு எத்துணைப் பெரிய சிக்கலாயிருந்தது என்பதற்கு 1810இல் வெள்ளோட்டம் விடப்பட்ட குயின் சார்லட் சான்றாகும். பணியில் சேரும் முன்னரே, 1811இல், அதன் மரங்கள் அழுகியமை கண்டறியப்பட்டது. இதற்குப் பாய்மரத் துளை காரணமன்று. உலராத மரமும் போதிய காற்றோட்டமின்மையுமே காரணங்கள். ஆயினும் கப்பலுக்குள் தங்கிய ஈரம் எத்தகைய பகை என்பதை இந்நிகழ்வு தெளிவாக்கியது.

மாலுமியின் உடல்நலம்

கீழ்த்தளத்தில் ஒரு மாலுமியின் தூளிக்கு ஒதுக்கப்பட்ட அகலம் ஏறத்தாழ 14 அங்குலம். இத்தகைய நெருக்கத்தில் மேலிருந்து சொட்டும் நீர் வெறும் இடையூறாக மட்டும் கருதப்படவில்லை. நோயின் மூலமாகவே கருதப்பட்டது. ஜேம்ஸ் லிண்ட் 1747இல் சால்ஸ்பரி கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளுக்கு வெவ்வேறு மருந்துகளை அளித்து ஒப்பிட்டார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைந்து தேறினர். எனினும் 1753இல் வெளிவந்த தம் நூலில் அவர் இந்நோய்க்கு வழிகோலும் முதன்மைக் காரணமாக ஈரக்காற்றையே குறிப்பிட்டார். வைட்டமின் சி என்னும் கருத்து அறியப்படாத காலத்தில் இம்முடிவு வியப்புக்குரியதன்று.

இதன் விளைவு இருவகைப்பட்டது. எலுமிச்சைச் சாறு கடற்படையில் முறையாக வழங்கப்படுவதற்கு 1795 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாமதத்திற்கு ஈரக்கொள்கையும் ஓரளவு துணைபோயிற்று. மறுபுறம், கப்பலை உலர்வாக வைத்திருக்கும் ஒழுங்கை அக்கொள்கை வலுப்படுத்தியது. ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் பயணத்தில் தளங்களுக்கிடையே நெருப்பு மூட்டி உலர்த்தியதை 1776இல் இராயல் கழகத்திற்கு அளித்த கட்டுரையில் விவரித்தார். ஸ்கர்வியின் காரணத்தைப் பொறுத்தமட்டில் ஈரக்கொள்கை தவறானது. ஆனால் உலர்ந்த படுக்கையும் காற்றோட்டமும் வேறு பல வகையில் நன்மை பயந்தன. கித்தான் உறையின் மதிப்பையும் இப்பின்புலத்தில் வைத்தே அளவிட வேண்டும்.

தொடர்ச்சி

இன்றைய பாய்ப்படகுகளில் கித்தானின் இடத்தை இரப்பர் உறையும் உலோகக் கவ்வியும் பெற்றுள்ளன. மர ஆப்புகளுக்கு மாற்றாக இரப்பர்த் துண்டுகளோ வார்த்துறையச் செய்யும் நெகிழ்பொருளோ பயன்படுகின்றன. பணிப்பிரிப்பு மட்டும் மாறவில்லை. உள்ளீடற்ற அலுமினியப் பாய்மரத்தில் ஒரு புதிய சிக்கலும் எழுந்துள்ளது. கயிறுகள் வெளிவரும் துளைகள் வழியே மழைநீர் மரத்தின் உட்புறமாக இறங்குவதால், வெளியே எத்துணை நல்ல உறை இருப்பினும் படகு நனைகிறது. கசிவின் வழியை அறியாமல் உறையை மாற்றுவதால் பயனில்லை.

முடிவுரை

1824இல் சாத்தம் தளத்தில் வெள்ளோட்டம் விடப்பட்ட யூனிகார்ன் கப்பலுக்குப் பாய்மரங்கள் பொருத்தப்படவே இல்லை. அதன் மேல்தளத்திற்குக் கூரை வேயப்பட்டது. இன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அக்கூரையோடு நிற்கும் அது, பழைய மரப்பகுதிகள் மிகுதியாக எஞ்சியுள்ள கப்பல்களுள் ஒன்றாகும். மேலிருந்து இறங்கும் மழைநீரைத் தடுத்தால் மரக்கப்பல் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு இது சான்று. கடலோடிய கப்பல்களுக்கு அத்தகைய கூரை இயலாது. பாய்மரமின்றி அவை நகரவும் முடியாது. அவற்றின் மேல்தளத் துளையைக் காத்தவை சில முழக் கித்தானும் சிறிது கீலுமே. பழுதுபார்ப்பும் பராமரிப்பும் வரலாற்றின் ஓரத்தில் வைக்கத்தக்கவை அல்ல என்பதை இவ்வுறையின் வரலாறு உணர்த்துகிறது.