கேசி ஃப்ரீமன்: கறுப்பின மாணவர்களின் கல்லூரித் தெரிவு

கேசி ஃப்ரீமன் அமெரிக்கக் கல்வியியல் அறிஞர். கறுப்பின மாணவர்கள் கல்லூரிக்குப் போவதையும் எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதையும் எது தீர்மானிக்கிறது என்று அம்மாணவர்களிடமே கேட்டு ஆராய்ந்தவர்.

இக்கேள்விக்கு நீண்ட பின்னணி உண்டு. கறுப்பினத்தவருக்கான உயர்கல்வி நிறுவனங்களில் மிகப் பழையதான செய்னி, பென்சில்வேனியாவில் 1837இல் தோன்றியது. தென்மாநிலங்களில் சட்டப்படியான இனப்பிரிவினை நீடித்தவரை பெரும்பாலோருக்கு இத்தகைய கல்லூரிகளே கதி. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்பும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும் மற்றக் கல்லூரிகளின் கதவையும் திறந்துவிட்டன.

மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விருப்பம், தேடல், முடிவு என்று மூன்று கட்டங்களாக 1987இல் டான் ஹாஸ்லரும் கேரன் கேலகரும் வகுத்தனர். ஆய்வுலகம் பெரிதும் இதையே பின்பற்றியது. ஆனால் கல்லூரிக் கனவு உள்ள கறுப்பின மாணவர்களில் பலர் ஏன் கல்லூரி வாசலை எட்டவில்லை என்பதற்கு இதில் போதிய விளக்கம் இல்லை.

ஃப்ரீமன் அந்த இடத்தில்தான் தொடங்கினார். பெருநகரப் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசி, 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பணமில்லை என்பதோடு, படித்தாலும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காது என்ற அச்சத்தையும் மாணவர்கள் சொன்னார்கள். நம்பிக்கை இழந்துபோனது, கல்லூரியை நினைத்தாலே வரும் மிரட்சி, கல்லூரி என்ற பேச்சே வீட்டில் எழாதது ஆகியவற்றையும் அடுக்கினார்கள். ஆர்வமில்லாதவர்கள் என்று இவர்களைத் தள்ளிவிட்டது எத்தனை பெரிய அநீதி என்பது இந்தப் பதில்களில் தெரிகிறது.

1999ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னொரு திருப்பத்தைக் காட்டியது. வெள்ளையர் மிகுந்த பள்ளிகளில் படித்த கறுப்பின மாணவர்களே தங்கள் வேர்களைத் தேடிக் கறுப்பினக் கல்லூரிகளை அதிகம் நாடினர். அங்கே படித்த ஒருவரைத் தெரிந்திருப்பதும் அவர்களை ஈர்த்தது.

2005இல் வெளிவந்த அவரது நூல், குடும்பமும் பள்ளியும் இத்தெரிவில் வகிக்கும் பங்கை விரிவாகப் பேசுகிறது. விண்ணப்பம் போடும் வயதுக்கு வெகு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது என்பது அவர் நிலைப்பாடு. மாணவர்கள் சொன்ன தீர்வுகளும் அந்த இளவயதிலிருந்தே தொடங்குகின்றன: பள்ளியின் நிலையைச் சீராக்குங்கள், அக்கறையுள்ள ஆசிரியர்களையும் ஆலோசகர்களையும் தாருங்கள், கல்லூரியைப் பற்றிச் சிறுவயதிலேயே சொல்லுங்கள்.