கோட்டைப் புனருத்தாரணமும் வரலாற்று நினைவும்
(அல்சாஸின் ஹோ-கேனிக்ஸ்பூர்க் கோட்டை பற்றிய ஒரு நோக்கு)

சிதைந்த கட்டடமொன்றைப் புனருத்தாரணஞ் செய்தல் பழமைக்கு ஆற்றும் தொண்டெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், ஒரு கட்டடத்தின் நீண்ட வரலாற்றில் எக்காலகட்டத்தை மீட்பது, எதனை விடுவது என்னும் தெரிவினைப் புனருத்தாரணஞ் செய்வோரின் சமகாலத் தேவைகளும் நிர்ணயிக்கின்றன. இதற்குத் தக்க சான்றாக அமைவது, அல்சாஸ் பிரதேசத்தில், வோஜ் மலைத்தொடரின் விளிம்பில், ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்தில் றைன் சமவெளியை நோக்கி நிற்கும் ஹோ-கேனிக்ஸ்பூர்க் கோட்டையாகும்.

12ஆம் நூற்றாண்டில் ஹோஹென்ஸ்டௌபன் வமிசத்தினரின் அரணாக எழுந்த இக்கோட்டை, சமவெளியின் வணிகப் பாதைகளைக் கண்காணிப்பதற்கு ஏற்ற இடத்தில் அமைந்திருந்தது. 15ஆம் நூற்றாண்டில் அது வழிப்பறி செய்யும் பிரபுக்களின் இருப்பிடமாயிற்று. இவர்களது கொள்ளையினாற் பாதிக்கப்பட்ட ஸ்ட்ராஸ்பூர்க், கொல்மார், பாசல் ஆகிய நகரங்கள் ஒன்றுசேர்ந்து 1462இல் கோட்டையைக் கைப்பற்றித் தீயிட்டன. நிலமானியப் பிரபுக்களின் வன்முறைக்கு எதிராக வணிக நகரங்கள் திரண்ட நிகழ்ச்சி என்றவகையில் இது சமூக வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. 1479இல் ஹப்ஸ்பேர்க் பேரரசர் மூன்றாம் பிரெட்ரிக் இவ்விடிபாட்டினைத் தியர்ஸ்டைன் பிரபுக்களுக்கு வழங்க, அவர்கள் பீரங்கித் தாக்குதலைத் தாங்கத்தக்க தடித்த மதில்களுடன் அதனை மீளக் கட்டினர். முப்பதாண்டுப் போரின்போது, 1633இல், சுவீடன் படைகள் 52 நாட்கள் முற்றுகையிட்டு அதனை அழித்தன. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது காடடர்ந்த இடிபாடாகவே கிடந்தது.

1865இல் அருகிலுள்ள செலெஸ்டா நகரம் இவ்விடிபாட்டினை விலைக்கு வாங்கியது. 1871இல் அல்சாஸ் ஜேர்மன் பேரரசுடன் இணைக்கப்பட்டது. 1899இல் அந்நகரம் கோட்டையைக் கைசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாக வழங்கியது. ஒரு காலத்தில் நகரங்கள் ஒன்றுகூடி எரித்த கோட்டையை மற்றொரு காலத்தில் ஒரு நகரமே பேரரசனிடம் கையளித்தமை, இடையில் நிகழ்ந்த அதிகார மாற்றத்தை உணர்த்துகின்றது.

கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் 1900 முதல் 1908 வரை பணிகளை நெறிப்படுத்தினார். இடிபாடுகளை அளந்தும் வரைந்தும் புகைப்படமெடுத்தும் ஆவணப்படுத்திய பின்னரே அவர் கட்ட முற்பட்டார். நீராவி இயந்திரம், பாரந்தூக்கி, மின்சாரம் ஆகிய நவீன சாதனங்கள் மத்தியகாலத் தோற்றத்தை உருவாக்கப் பயன்பட்டன. எப்ஹார்ட்டின் உழைப்பு அறிவியற் பெறுமதி வாய்ந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், சான்றுகள் போதாத இடங்களில் ஊகம் புகுந்தது. நடுக்கோபுரம் உண்மையான அளவினும் ஏறத்தாழ 14 மீற்றர் கூடுதலாக உயர்த்தப்பட்டுள்ளதென இன்று கணிக்கப்படுகின்றது. விருந்து மண்டபத்தின் கூரையும் முன்னிருந்ததைவிட உயர்த்தப்பட்டது.

இம்மாற்றங்களின் திசை தற்செயலானதன்று. மீட்கப்பட்ட தோற்றம் முப்பதாண்டுப் போருக்கு முற்பட்டது. அதாவது, 1479இன் பின் பேரரசரின் ஆதரவுடன் எழுந்த கோட்டையினது. ஹோஹென்ஸ்டௌபன், ஹப்ஸ்பேர்க் வமிசங்களின் உரிமை வாரிசாகத் தமது ஹோஹென்ஸொலர்ன் வமிசத்தைக் காட்டுவது கைசரின் நோக்கமாயிருந்தது. பேரரசின் கிழக்கில் மரியன்பூர்க் கோட்டை பெற்ற இடத்தை மேற்கில் இக்கோட்டை பெற்றது. செலவு இருபது இலட்சம் மார்க்கைத் தாண்டியது. அதன் பெரும்பகுதி பொதுப்பணமேயாகும்.

பணி நடந்த காலத்திற் பன்முறை வந்து பார்வையிட்ட கைசர், 1908 மே 13இல் நடைபெற்ற திறப்பு விழாவுக்கும் வருகைதந்தார். பழங்கால உடை தரித்தோரின் ஊர்வலம் கொட்டும் மழையிற் கோட்டைக்குட் புகுந்தது. பிரெஞ்சுச் சார்புடைய அல்சாஸ் ஓவியர் ஹன்சி இவ்விழாவைத் தமது சித்திரங்களில் நையாண்டி செய்தார். பேரரசின் சின்னத்தை அப்பிரதேச மக்கள் அனைவரும் தமதாக ஏற்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

கட்டியோரின் நோக்கம் பத்தாண்டுகளே நிலைத்தது. 1918இற் பேரரசு வீழ்ந்தது. 1919இன் வெர்சாய் உடன்படிக்கையின்படி கோட்டை பிரெஞ்சு அரசின் உடைமையாயிற்று. பின்னர் இங்கு வந்தோருள் எமது கவனத்தை ஈர்ப்பவர் திரைப்பட நெறியாளர் ஜோன் ரெனுவார் ஆவார். 1937இல் வெளியான 'மாபெரும் மாயை' என்னும் அவரது படத்தில் இக்கோட்டையே போர்க்கைதிகளின் சிறையாகத் தோன்றுகின்றது. கைசர் தம் வமிசத்தின் புகழுக்காக உயர்த்திய மதில்களுக்குள், தேச எல்லைகளினும் வர்க்க எல்லைகள் வலியன என்பதையும், பிரபுத்துவம் மறைந்துகொண்டிருப்பதையும், போரின் பயனின்மையையும் ரெனுவார் காட்டினார். நாசி ஆட்சி அப்படத்தைத் தடைசெய்தமை வியப்பன்று.

2007இல் கோட்டையின் உடைமை பிரெஞ்சு அரசிடமிருந்து உள்ளூர் நிர்வாகத்துக்குக் கைமாறியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அதனைக் காண வருகின்றனர். அவர்கள் காண்பது 15ஆம் நூற்றாண்டை மட்டுமன்று. 1900க்கும் 1908க்கும் இடைப்பட்ட ஏகாதிபத்திய ஜேர்மனியையும் அவர்கள் காண்கின்றனர். ஆகவே, புனருத்தாரணஞ் செய்யப்பட்ட எச்சின்னத்தையும் ஆராயும்போது அது எக்காலத்தைக் காட்டுகின்றது என்று மட்டும் கேட்பது போதாது. யாருடைய பணத்தில், யாருடைய உரிமையை நிலைநாட்ட, எந்நினைவினை ஒதுக்கி அது எழுப்பப்பட்டது என்பவற்றையும் நாம் வினவுதல் வேண்டும். 1462இல் நகரமக்கள் இட்ட தீயின் நினைவு உயர்த்தப்பட்ட கோபுரத்திற் காணப்படுவதில்லை. அதனை மீட்டெடுப்பது வரலாற்று மாணவரின் கடமையாகும்.