கண்ணீரும் கூச்சமும்

கீரிப்பாறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காட்டையும் ரப்பர் மரங்களையும் பார்க்கத்தான் போகிறார்கள். நான் ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். ரப்பர் தோட்டத்தில் வெகுகாலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், நல்ல வாசகர். போன வேளை மழை பிடித்துக்கொண்டது. கட்டன் சாயாவும் பேச்சுமாக மாலைப்பொழுது கழிந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, நாவல்கள் சினிமாவாகிற விஷயத்தில் வந்து நின்றது.

"படத்தைப் பாத்துட்டு அழுதேன், அண்ணாச்சி. புஸ்தகத்தைப் பாதியிலே மூடி வச்சிட்டேன். மேக்கொண்டு படிக்க முடியல்ல" என்றார்.

அவர் சொன்ன புத்தகம் நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்'. படம், அதைத் தழுவித் தங்கர் பச்சான் இயக்கி 2002-இல் வெளிவந்த 'சொல்ல மறந்த கதை'. நாவல் பிரியர்கள் வழக்கமாக இதை மாற்றித்தான் சொல்வார்கள்: புத்தகத்தில் அழுதேன், படத்தில் பாதியிலே எழுந்து வந்துவிட்டேன் என்று. ஆகவே நண்பரின் பேச்சு என்னை யோசிக்க வைத்தது.

தமிழில் நாவலும் சினிமாவும் சம்பந்தம் செய்துகொண்டது நேற்று இன்றல்ல. கல்கியின் 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்ரமண்யம் அதைப் படமாக்கினார். 1939-இல் படம் வந்தது. தொடர்கதையோடு சினிமாக் காட்சிகளே சித்திரங்களாக அச்சாயின. சாவித்திரிக்கு வாசகர் தம் மனத்தில் வேறொரு முகம் வரைந்துகொள்ள இடமே இல்லாமல் போயிற்று; புத்தகத்துக்கும் படத்துக்கும் சண்டை மூள வழியில்லை. பிற்பாடு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கதைக்குத் தாமே திரைக்கதை எழுதினார். பீம்சிங் இயக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

'தலைகீழ் விகிதங்கள்' 1977-இல் வெளியாயிற்று. திரைக்கு வர அதற்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது. அதற்குள் வாசகர்கள் பலர் சிவதாணுவைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள்.

கணிதத்தில் முதுகலை படித்துவிட்டுப் பம்பாய்க்குப் பிழைக்கப் போன வீரநாராயணமங்கலத்து இளைஞர் ஒருவரின் முதல் நாவல் அது. தலைப்பே கணக்குத்தான். ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்குவது தலைகீழ் விகிதம். சிவதாணு ஏழை வீட்டுப் பட்டதாரி, வேலை இல்லை. வசதியுள்ள வீட்டுப் பார்வதியை மணக்கிறான். மாமனார் வீட்டுச் செல்வாக்கு ஒரு படி ஏறும்போதெல்லாம் இவனுடைய மானம் ஒரு படி இறங்குகிறது. வயலை 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று அளக்கிற நாஞ்சில் நாட்டில், மனிதனையும் அதே மரக்காலால் அளந்து பார்க்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் இதைவிடப் பெரிய கதை ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

படத்தைக் குறை சொல்லிவிட முடியாது. டைரக்டராக மட்டுமே அறியப்பட்டிருந்த சேரனை முதல் தடவையாகக் கதாநாயகனாக்கியது நல்ல காரியம். நம் தெருவில் நடந்து போகிற ஒருவரின் முகம் அவருக்கு. இளையராஜாவின் இசை இருக்கிறது. பிரமிட் நடராஜனும் ரதியும் இருக்கிறார்கள். இயக்குநர் பண்ருட்டிப் பக்கத்து மனிதர். அதே ஆண்டில் தம்முடைய 'கல்வெட்டு' சிறுகதையை 'அழகி'யாக எடுத்துத் தமிழ்நாட்டையே உருக வைத்தவர். நாஞ்சில் நாட்டுக் கதையை அவர் தமக்குத் தெரிந்த மண்ணுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார். நாற்று அங்கேயும் வேர் பிடித்தது. இல்லாதவன் படுகிற அவமானம் எந்த ஊரிலும் விளையக்கூடிய பயிர்தானே!

என்றாலும் ஒன்று நேர்ந்துவிட்டது. அவமானப்படுகிறவன் முதலில் செய்கிற காரியம் முகத்தை மறைத்துக்கொள்வது. காமிராவுக்கோ முகம்தான் வேண்டும். அவன் விழுங்குகிற துக்கத்தை அது கண்ணில் வரவழைத்து நமக்குக் காட்டியாக வேண்டும். பார்த்த நாம் 'ஐயோ பாவம்' என்கிறோம். அப்படிச் சொன்ன கணமே நாம் அவனுக்கு வெளியே வந்துவிடுகிறோம்.

நாவல் நம்மை வெளியே விடுவதில்லை. நாஞ்சில் நாட்டில் அவமதிப்பு வசவாக வருவது குறைவு, உபசாரமாகத்தான் வரும். "மாப்பிளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையேன்" என்கிற சொல்லில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் குரலில் ஓர் இழுப்பு இருக்கும். இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு மட்டுமே அது விழும். மண்ணை மாற்றினால் பேச்சு மாறும். பேச்சு மாறினால் அந்த இழுப்பும் போய்விடும். புத்தகத்தில் நாமே அந்த இலைக்கு முன் உட்கார்ந்திருக்கிறோம்.

நாவலின் உணர்ச்சி படத்தில் வந்ததா என்று கேட்டால், கண்ணீர் வந்தது, கூச்சம் வரவில்லை என்பேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வரலாம். கூச்சம் வீடு வரைக்கும் கூடவே வரும்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அங்கே அவருடைய மனைவி ஏதோ வேலையாக இருந்தார். குரலைத் தாழ்த்தி, "கல்யாணமான புதுசுல நானும் நாலு வருஷம் மாமனார் வீட்லதான் சாப்பிட்டேன், அண்ணாச்சி" என்றார்.

மழை விட்டதும் புறப்பட்டேன். புத்தகம் ஜன்னல் ஓரம் கிடந்தது. பாதியில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. "மிச்சத்தையும் படித்துவிடுங்கள்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.