பங்குத் தரகரும் நட்டஈடும்: அமெரிக்காவின் நடுத்தீர்ப்பு முறை

அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனமொன்றில் கணக்கு ஆரம்பிக்கும் முதலீட்டாளர், பல பக்கங்களைக் கொண்ட ஒப்பந்தமொன்றில் கையொப்பமிடுகின்றார். பின்னர் எழக்கூடிய பிணக்குகள் நீதிமன்றத்தில் அன்றி நடுத்தீர்ப்பின் மூலமே தீர்க்கப்படும் என்ற வாசகம் பெரும்பாலும் அதில் அடங்கியிருக்கும். பணத்தை இழந்து நட்டஈடு கோர முற்படும்போதே அக்கையொப்பத்தின் தாற்பரியம் அவருக்குப் புலனாகின்றது.

இந்நிலை ஆரம்பம் முதலே இருந்ததன்று. பிணையங்கள் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடும் உரிமையை முன்கூட்டிய ஒப்பந்தத்தினால் பறிக்க முடியாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1953 இல் தீர்ப்பளித்திருந்தது. எனினும், 1987 இல் ஷியர்சன் எதிர் மக்மஹோன் வழக்கில், 1934 ஆம் ஆண்டின் பிணையங்கள் பரிவர்த்தனைச் சட்டத்தின் கீழான கோரிக்கைகள் தொடர்பில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் அத்தகைய ஒப்பந்தம் செல்லுபடியாகும் எனக் கூறப்பட்டது. 1989 இல் பழைய தீர்ப்பும் கைவிடப்பட்டது.

இப்பிணக்குகளில் மிகப் பெரும்பாலானவை, 2007 இல் அமைக்கப்பட்ட ஃபின்ரா எனும் நிதித்துறை ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் முன்னிலையில் விசாரிக்கப்படுகின்றன. இது அரச நிறுவனமன்று. தரகு நிறுவனங்களை அங்கத்தவர்களாகக் கொண்ட சுயஒழுங்குபடுத்தல் அமைப்பாகும். பெருந்தொகைக் கோரிக்கைகளை வழமையாக மூவர் கொண்ட குழு விசாரிக்கின்றது. அம்மூவரில் ஒருவர் தரகுத் துறையைச் சார்ந்தவராக இருந்தமை நீண்டகாலக் குறைபாடாகச் சுட்டிக்காட்டப்பட்டு வந்தது. 2011 முதல், துறைசாராதவர்களை மாத்திரம் கொண்ட குழுவைத் தெரிவுசெய்ய முதலீட்டாளருக்கு வாய்ப்பளிக்கப்பட்டுள்ளது.

பங்கு விலை வீழ்ந்தது என்பது மாத்திரம் நட்டஈட்டுக்குப் போதிய காரணமாகாது. ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவருக்கு ஆபத்துமிக்க முதலீட்டைப் பரிந்துரைத்தல், தரகுக் கூலிக்காக அடிக்கடி வாங்கி விற்றல், அனுமதியின்றிக் கொடுக்கல் வாங்கல் செய்தல், உண்மைகளை மறைத்தல் போன்ற தவறுகள் நிரூபிக்கப்படல் வேண்டும். சம்பவம் நிகழ்ந்து ஆறு ஆண்டுகள் கடந்த கோரிக்கைகள் ஏற்கப்படுவதில்லை.

நீதிமன்ற வழக்கைவிட விரைவும் செலவுக் குறைவும் இம்முறையின் அனுகூலங்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும், இரு தரப்பினரும் இணைந்து கோரினாலன்றித் தீர்ப்புக்கான காரணங்களை விளக்க வேண்டிய கடப்பாடு குழுவுக்கு இல்லை. மேன்முறையீடும் கிடையாது. மோசடி, வெளிப்படையான பக்கச்சார்பு, அதிகார வரம்பு மீறல் போன்ற மிகச் சில காரணங்களுக்காகவே நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்யலாம்.

வெற்றி பெற்றாலும் பணம் கைக்கு வருமென்ற உத்தரவாதமில்லை. 30 நாட்களுக்குள் நட்டஈட்டைச் செலுத்தாத நிறுவனத்தின் அங்கத்துவத்தை ஃபின்ரா இடைநிறுத்த முடியும். ஆனால், ஏற்கனவே மூடப்பட்டுவிட்ட நிறுவனத்தை அத்தண்டனை எவ்வகையிலும் பாதிக்காது. தரகு நிறுவனங்கள் முறிவடையும்போது வாடிக்கையாளரைப் பாதுகாக்க 1970 இல் ஏற்படுத்தப்பட்ட காப்புக் கூட்டுத்தாபனமும் தவறான ஆலோசனையால் விளைந்த நட்டத்தை ஈடுசெய்வதில்லை.

நீதிமன்றக் கதவு மூடப்பட்டுள்ள இடத்தில், அதற்குப் பதிலாகத் திறக்கப்படும் கதவு நியாயமானதாக இருத்தல் அவசியமாகும். தீர்ப்பளிப்பதோடு நின்றுவிடாது, தீர்ப்பளிக்கப்பட்ட தொகை உரியவரைச் சென்றடைவதையும் உறுதிப்படுத்தும்போதே இம்முறை முதலீட்டாளரின் நம்பிக்கையைப் பெற முடியும்.